சேர்வர் மச்சான்

இலங்கையின் கிழக்கிலே வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். அதனால் மட்டக்களப்பு வாவிக்கரையில் கல்யாணம் முடித்துக் குடிவந்த ஆம்பிளைக்கு, தன்னுடையது என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு மூலையாவது வேணும். சிலர் மீன்தொட்டி வைப்பார்கள். சிலர் புறா வளர்ப்பார்கள். சேர்வர் மச்சான், மாமியாரின் அரிசிப் பெட்டியைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பழைய கணினியை வைத்து லினக்ஸ் போட்டுவிடுவார். கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி என்று எங்கே போனாலும் இப்படி ஒருவர் அகப்படுவார்.

அதில் இருப்பது மச்சாள்மாரின் கல்யாண வீடியோவும் பிள்ளைகளின் கார்ட்டூனும். இவற்றைக் காக்கத்தான் அது இரவு பகலாக விழித்திருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது நாடு டீசலுக்கு அழுதது. மச்சான் அப்டைமுக்கு அழுதார்.

புது ஆளைக் கண்டால் "நீங்க எந்தக் குடி?" என்பார். நாம் தாய்வழியைச் சொல்லத் தொடங்கினால் கையமர்த்துவார். அவர் கேட்டது ரெட் ஹாட் குடியா, டெபியன் குடியா என்று. அவர் நெடுங்காலம் சென்ட்ஓஎஸ். 2020 டிசெம்பரில் ரெட் ஹாட் அதைக் கைவிடுவதாக அறிவித்தபோது துக்கம் காத்தார், ஆனால் அசையவில்லை. சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 யூன் 30இல் நின்ற பிறகுதான் டெபியனுக்கு மாறும் எண்ணம் வந்தது. எண்ணத்தோடு கூடவே ஒரு எஸ்எஸ்டியும் வந்தது.

"பழசு நல்லாத்தானே ஓடுது?" என்றார் மனைவி.

"ஓடுது. சப்போட் முடிஞ்சிட்டு."

"எங்கட அம்மாட தையல் மெஷினுக்கு எப்ப சப்போட் இருந்த?"

அவரிடம் பதில் இல்லை, ஸ்குரூட்ரைவர் இருந்தது. வாவியில் துடுப்பை இறக்கி, மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்பவர்களைப்போல, அதைப் பழைய ஹாட் டிஸ்க்கில் ஊன்றிக் காதுகொடுத்தார். டக், டக். "கனநாள் தாங்காது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

தரவை ஆர்சிங்க் ஒரே இரவில் ஏற்றி இறக்கிவிட்டது. பெயர்கள்தான் படுத்தின. அங்கே ஹெச்டிடிபிடி என்றிருந்த அபாச்சி இங்கே அபாச்சி2. கோப்புகளின் சொந்தக்காரர் பெயரும் வேறு. அதையெல்லாம் சமாளித்தவர், வெளி டிஸ்க்கை எஃப்எஸ்டாப் கோப்பில் பதியும்போது, 'டிஸ்க் இல்லாவிட்டாலும் எழும்பு' என்று சொல்லும் 'நோஃபெயில்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டார். அன்றைக்கென்று மாமியார் ரைஸ் குக்கருக்காக அந்த டிஸ்க்கின் பிளக்கைக் கழற்றியிருந்தார். மறுபடி தொடங்கிய இயந்திரம் அதை 90 செக்கன் தேடிப்பார்த்துவிட்டு, கறுப்புத் திரையில் 'எமர்ஜென்சி மோட்' என்று எழுதிக் குந்திவிட்டது.

சீதன வீட்டில் பிளக் உரிமை பேச முடியுமா? மச்சான் வாய் திறக்காமல் அந்தச் சொல்லைச் சேர்த்தார். சோறும் வெந்தது, சேர்வரும் எழும்பியது.

அந்தப் பக்கம் போனால் அவர் வீட்டுக்குப் போங்கள், நல்ல தேத்தண்ணி கிடைக்கும். உங்கள் லாப்டொப்பை மட்டும் கொண்டுபோக வேண்டாம். வின்டோஸோடு திரும்பி வராது.