ஓடுற வண்டுக்குக் கண்ணு தெரியாது

வா மாப்ளே, உக்காரு. எமிரேட்ஸ் ஐடி இன்னும் கைக்கு வரலை, அதுக்குள்ள கூலிங் கிளாஸ் வந்துருச்சு. சந்தோசம். உன்னைப் பாத்தா இந்தக் கடலோரச் சப்காவுல ஓடுற புலி வண்டு ஞாபகந்தான் வருது. கோவிச்சுக்காதே, புகழ்ச்சிதான்.

சப்கான்னா உப்புப் பூத்துக் கிடக்குற களர். அதோட ஈர விளிம்புல பாரு. விரக்கணு அளவு உடம்பு. செம்பும் பச்சையுமா மினுங்கும், மேல வெள்ளைக் கோலம். அந்த மினுக்கம் சாயமில்லை. ஓட்டுல மெல்லிசா அடுக்கடுக்கா இருக்கு. வெளிச்சம் அதுல பட்டுத் திரும்புற ஜாலம். லீவுல ஊருக்குப் போறப்ப நம்ம ஆளுக போட்டுக்கிற செயினும் அந்த ரகந்தான். பளபளக்குறது பூரா கடன்.

ஓட்டத்தைக் கேளு. ஆஸ்திரேலியாவுல இதோட பங்காளி ஒண்ணு நொடிக்கு இரண்டரை மீட்டர் ஓடுது. என்ன கூத்துன்னா, அந்த வேகத்துல அதுக்குக் கண்ணு தெரியாது. கார்னெல் பல்கலைக்கழகத்துல கோல் கில்பர்ட்னு ஒருத்தர் ஆராய்ஞ்சு சொல்லியிருக்காரு: ஓட்டத்துல இரையோட உருவம் கண்ணுல நிக்கிற அளவுக்கு வெளிச்சம் சேராதாம். அதனால ஓடும், பொசுக்குன்னு நிக்கும், இரை எங்கேன்னு பாக்கும், திரும்ப ஓடும். எதுலயும் மோதாம இருக்க மீசையை முன்னால விறைப்பா நீட்டிக்கிட்டே ஓடும். உனக்கு மீசையே இப்பத்தான் முளைக்குது, நிக்காம ஓடுறே.

மணல் கொதிச்சா நெட்டைக் காலை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கும். இன்னும் கொதிச்சா நிழலுக்குப் போயிரும். அமீரகத்துல ஜூன் 15லருந்து செப்டம்பர் 15 வரைக்கும், மத்தியானம் பன்னெண்டரைலருந்து மூணு மணி வரை வெட்டவெளியில வேலை வாங்கக்கூடாதுன்னு சட்டம். வண்டு சட்டம் படிக்காமலே ஒதுங்குது. நீ அந்த நேரத்துல எங்கயாச்சும் ஓ.டி. கிடைக்குமான்னு விசாரிக்கிறே.

இப்ப அதோட புழுவைப் பாரு. அது ஓடாது. செங்குத்தா குழி தோண்டி, தட்டைத் தலையால வாயை அடைச்சுக்கிட்டு, தரையோட தரையா கிடக்கும். எறும்பு கிட்ட வந்ததும் மல்லாந்து பாஞ்சு கவ்வி உள்ளே இழுத்துரும். இரை முண்டுனா புழு வெளிய வந்துராது; முதுகுத் திமில்ல கொக்கி இருக்கு, அதைக் குழிச் சுவருல மாட்டிக்கும். உன் விசா ஏஜெண்டு எந்தக் குழியிலருந்து தலையை நீட்டுனான்னு நான் கேக்கலை.

வல்லவனுக்கு வல்லவன் உண்டு. மெதோக்கான்னு ஒரு குளவி; பொட்டைக்குச் சிறகு கிடையாது, எறும்பு மாதிரியே இருக்கும். புழுவோட தாடையில வேணும்னே மாட்டுற மாதிரி போய்க் கொட்டும். புழு மரத்துப் போனதும் அது மேலயே முட்டை வச்சு, குழியை மூடிட்டுப் போயிரும். குஞ்சுக்கு வீடும் இலவசம், சாப்பாடும் இலவசம். நம்ம கம்பெனி ரூமுலகூட மெஸ்ஸுக்குக் காசு தனி.

ஓடு மாப்ளே, ஓடத்தானே வந்தோம். ஆனா பத்தடிக்கு ஒருதரம் நின்னு பாரு. தேராவுல யாரோ மாசம் பத்து பர்சென்ட் தர்றேன்னானாமே, அவனைப் பாக்கப் போறப்ப அன்பா முதுகைத் தடவிப் பாரு. கொக்கி இல்லைன்னா எனக்கும் ஒரு போன் போடு. என் மச்சினன்கிட்ட காசு சும்மாதான் கிடக்கு.