பக்கத்து வீட்டில் நடந்த மாநாடு

கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்தை ‘மறக்க முடியாத அனுபவமாக’ ஆக்கித் தருகிறோம் என்று தி.நகரில் தெருவுக்கு ஓர் ஈவென்ட் மேனேஜர் இருக்கிறார். கழுத்தில் மாட்ட ஓர் அட்டை, பையில் டைரி, மதியம் பனீர் பட்டர் மசாலா, நாலு மணிக்கு நாற்பது வயது மேனேஜர்களைக் கைகோர்த்து நிற்கவைத்து ஒரு விளையாட்டு. மறுநாள் யாருக்கும் எதுவும் ஞாபகமில்லை. மயிலாப்பூர், அடையாறு முன்னோடிகளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்: பேனரில் போட்ட நிகழ்ச்சி வேறு, ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும் நிகழ்ச்சி வேறு.

1884 டிசம்பர். அடையாற்றில் பிரம்மஞான சபையின் ஆண்டு மாநாடு. நிறுவனத்தை இருவர் நடத்தினார்கள். அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டுக்கு நிர்வாகம்; ருஷ்யப் பெண்மணியான மேடம் பிளாவட்ஸ்கிக்கு அற்புதங்கள். இமயத்தில் இருக்கும் மகாத்மாக்களின் கடிதங்கள் அடையாறு பங்களாவின் மாடியில் ஓர் அலமாரிக்குள் தபால்தலை இல்லாமல் வந்து சேரும். டெலிவரி பிரமாதம். ஆனால் வீட்டு நிர்வாகத்தைக் கவனித்துவந்த கூலோம் தம்பதியர் சண்டை போட்டு வெளியேறி, மேடம் எழுதியவை என்று சொல்லிச் சில கடிதங்களைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார்கள். செப்டம்பரில் அவை அச்சாயின. அற்புதங்களெல்லாம் தச்சு வேலை என்பது சாரம். லண்டனில் ஆவி ஆராய்ச்சி செய்யும் கழகம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளைஞரைத் தணிக்கைக்கு அனுப்பிவிட்டது.

நிறுவனர்மேல் மோசடிப் புகார், வாசலில் ஆடிட்டர், உள்ளே ஆண்டு மாநாடு. எந்த ஈவென்ட் மேனேஜருக்கும் வயிற்றைக் கலக்கும் நிலவரம். மேடமோ வழக்குப் போட்டே தீருவேன் என்று குதித்தார். மாநாடு ஒரு கமிட்டி போட்டது. அதில் இருந்த சட்டம் படித்தவர்கள் கலந்து பேசி, கோர்ட்டுக்குப் போக வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார்கள். வக்கீல்கள் வழக்கு வேண்டாம் என்றார்களாம்! அடையாற்றில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அற்புதங்களில் ஹாட்ஜ்சனாலும் மறுக்க முடியாதது இது ஒன்றுதான்.

இவ்வளவு அமளியும் பேனர் நிகழ்ச்சி. கல்யாணத்துக்கு வந்த இடத்தில் திண்ணையில் உட்கார்ந்து வேறொரு சம்பந்தம் பேசி முடிப்பதுபோல, வந்தவர்களில் சிலரும் உள்ளூர்க்காரர்களுமாகப் பதினேழு பேர் மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் கூடினார்கள். தேசம் முழுவதற்கும் ஓர் அரசியல் அமைப்பு வேண்டும் என்று அங்கேதான் முடிவாயிற்று என்று அன்னி பெசன்ட் 1915இல் எழுதினார். சரித்திரப் பேராசிரியர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. காங்கிரஸுக்கு ஊருக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் உண்டு. மயிலாப்பூர் தன்னுடையதைத் திருப்பித் தருவதாக இல்லை.

அதே வாரத்தில், 1884 மே மாதம்தான் பிறந்த சென்னை மகாஜன சபையும் தன் முதல் மாநாட்டைப் போட்டது. ஏன் எல்லாமே டிசம்பர் கடைசியில்? கிறிஸ்துமஸுக்குக் கோர்ட் லீவு. இந்தியாவின் விடுதலை வக்கீல்களின் விடுமுறைப் பட்டியலை அனுசரித்துத்தான் வர வேண்டியிருந்தது.

1885இல் காங்கிரஸின் முதல் கூட்டம் பூனாவில் என்று ஏற்பாடாகி, அங்கே காலரா பரவியதால் கடைசி நேரத்தில் பம்பாய்க்கு மாறியது. வந்தவர்கள் 72 பேர். 1887இல் சென்னையின் முறை. ஆயிரம் விளக்குப் பக்கம் மக்கீஸ் தோட்டத்தில் பந்தல்; தலைவர் பத்ருதீன் தயாப்ஜி; வரவேற்புக் குழுத் தலைவர் ராஜா சர் டி. மாதவ ராவ், பிரதிநிதிகள் 607 பேர். ஸ்பான்சர்? ஓர் அணாவிலிருந்து ஒன்றரை ரூபாய் வரை கொடுத்தவர்கள் எண்ணாயிரம் பேர். அதில் சேர்ந்தது 5,500 ரூபாய். ஒருவர் பெயர்கூட மேடைக்குப் பின்னால் தொங்கவில்லை. காங்கிரஸ் என்றால் என்ன என்று கேள்வி-பதிலாக வீரராகவாச்சாரியார் தமிழில் எழுதிய சிறு புத்தகமும் ஊர் ஊராகப் போனது.

சரி, அந்த மாநாட்டில் என்ன பேசினார்கள்? ஆயுதச் சட்டம் பற்றிப் பேசினார்கள், வேறு பலவும் பேசினார்கள். ஊர் பேசியது விருந்துகளைப் பற்றி. பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன் வரவேற்பு கொடுத்தார்; கவர்னர் கன்னிமாரா பிரபு பிரதிநிதிகளைத் தன் மாளிகைக்கே அழைத்து உபசரித்தார். கவர்னர் தோட்டத்தில் தேநீர் குடித்துவிட்டுக் கவர்னரின் ஆட்சியைக் குறை சொல்லும் வசதி அன்று இருந்தது. அடுத்த வருஷமே வைஸ்ராய் டஃப்ரின், இவர்கள் மக்கள்தொகையில் கண்ணுக்கே தெரியாத சிறுபான்மை என்று சீறினார். ஆக, தேநீருக்கு ஆயுள் ஒரு வருஷம்.

சாப்பாடு என்றதும் நம்மவர்களின் புகழ் ஒன்று சொல்லாமல் விட முடியாது. 1901இல் கல்கத்தா காங்கிரஸுக்குப் போன தமிழ்ப் பிரதிநிதிகள், தாங்கள் சாப்பிடுவதைப் பிறர் கண்டாலே தீட்டு என்று கருதியதால், அவர்களுக்கென்று தனியே மூங்கில் தட்டி அடைத்த சமையல்கூடம். சமைப்பது, சாப்பிடுவது, கை கழுவுவது எல்லாம் அதற்குள்ளேயே. புகை போகவும் வழியில்லை. காந்தி தம் சுயசரிதையில் இதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். தேச ஒற்றுமைக்காக ஆயிரம் மைல் போய்ப் புகையில் இருமிக்கொண்டு ரசம் சாப்பிட்ட கோஷ்டி அது. இன்றைய ஆஃப்சைட்டில் ‘ஜெயின் கவுண்ட்டர் எங்கே’ என்று கேட்பவரைப் பார்த்து அலுத்துக்கொள்ளும் கேட்டரர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1927 டிசம்பரில் காங்கிரஸ் மறுபடி சென்னையில் கூடியது. தலைவர் டாக்டர் அன்சாரி. முழுச் சுதந்திரமே இலக்கு என்று ஜவாஹர்லால் நேரு தீர்மானம் கொண்டுவந்தார், நிறைவேறியது. யோசிக்காமல் போட்ட தீர்மானம் என்று காந்தி கடிந்துகொண்டார். அடுத்த வருஷம் கல்கத்தாவில் அதைச் சற்றே கீழே இறக்கி வைத்தார்கள். இந்தப் பக்கம், வந்தவர்களுக்கு மாலைப் பொழுது போகட்டும் என்பதுபோல ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. கார்ப்பரேட் மொழியில் ‘கல்ச்சுரல்ஸ்’. அதில் எழுந்த யோசனைதான் சென்னை மியூசிக் அகாடமி. 1928 ஆகஸ்ட் 18 அன்று சர் சி.பி. ராமசாமி ஐயர் தொடங்கிவைத்தார். ஆரம்பகாலச் செயலாளர்களில் ஒருவரான இ. கிருஷ்ணய்யர், பெண்வேடம் கட்டிச் சதிர் ஆடிக்காட்டும் வக்கீல். ஊரில் எதைத் தொட்டாலும் அடியில் ஒரு வக்கீல் இருந்தார்.

காங்கிரஸ் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டது. கல்ச்சுரல்ஸ் போகவில்லை. கோர்ட் லீவைப் பார்த்துக் குறித்த டிசம்பரை இசை விழா சொந்தமாக்கிக்கொண்டது. 1955இல் அகாடமி அரங்கத்துக்கு அடிக்கல் நாட்ட வந்தவர் அதே நேரு, இப்போது பிரதமர். 1962இல் மைசூர் மகாராஜா திறந்துவைத்தார்.

அத்தோடு நின்றதா? சென்னை சென்னைதான். உள்ளே பாட்டு, வெளியே கேன்டீன். இப்போது டிசம்பரில் பத்திரிகைகள் கச்சேரிக்கு விமரிசனம் எழுதுவதுபோல கேன்டீனுக்கும் எழுதுகின்றன. எந்த சபாவில் கீரை வடை, எங்கே அக்கார அடிசில் என்று தெரிந்துகொண்டு அப்புறம்தான் யார் பாடுகிறார் என்று விசாரிக்கும் ரசிகர்கள் உண்டு. ஆகவே, தி.நகர் ஈவென்ட் மேனேஜரே, நாலு மணிக்குக் கைகோர்க்கும் விளையாட்டை எடுத்துவிட்டு நிகழ்ச்சிநிரலில் ‘தனி ஆவர்த்தனம்’ என்று போடுங்கள். எப்போது எழுந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மயிலாப்பூர்க்காரர்களுக்கு அறிவிப்புப் பலகை வைக்க வேண்டியதில்லை.