ஆடிட் முடிந்ததும் பூட்டிவிடவும்

பெறுநர்:
மாண்புமிகு தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் வாட்ஸ்அப் குழு அட்மின் அவர்கள்,
எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கம்,
திருப்பூர்.

பொருள்: காட்சிக்கு வைக்கப்பட்ட பம்பரத்தை உரியவரிடம் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

பொங்கலை ஒட்டி நம் நகரின் பொதுத் திறந்தவெளியான ரிசர்வ் சைட்டில் தாங்கள் நடத்திய 'மண்ணின் விளையாட்டுத் திருவிழா' கண்டு மெய்சிலிர்த்துப்போனேன். வாழைமரம் என்ன, ஷாமியானா என்ன, மண்ணின் பெருமையை மூன்று கலரில் பிரிண்ட் அடித்த டி-ஷர்ட் என்ன! டி-ஷர்ட்டில் தையல் கொஞ்சம் கோணல். சொல்லக் கூடாதுதான், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவன் கண்ணுக்கு முதலில் அதுதான் படும்.

முகப்பில் வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் பல்லாங்குழி, கோலிக்குண்டு, கில்லிக்கட்டை, ஒரு பம்பரம். பம்பரத்தின் முன்னால் ஓர் அட்டை: 'நம் முன்னோர் விளையாடியது. தொடாதீர்கள்.' என் மகள் தொட்டாள். விழாக் குழுவின் பெருந்தகை ஒருவர் அவள் கையைத் தட்டிவிட்டார். "அம்மிணி, எழுதியிருக்கிறது தெரியலையா?" என்றார். தெரிகிறதுங்க. ஆனால் அது அவளுடைய பம்பரம். போன வாரம் இதே இடத்தில் வாட்ச்மேன் பிடுங்கிக்கொண்டு போனது. ஆக்கர் வாங்கிய ஆணிக்குத்து அதன் தலையில் மூன்று இருக்கிறது. வார்னிஷ் அடித்து மறைத்திருந்தீர்கள். ஆனாலும் விரலால் தடவினால் தெரியும். எட்டு வயதில் முன்னோர் ஆகிவிட்ட ஒரே பிள்ளை, எனக்குத் தெரிந்து, என் மகள்தான்.

ஐயா, இதன் சூட்சுமம் எனக்குச் சட்டென்று புரிந்தது. திருப்பூர்க்காரனுக்கு ஆடிட் புரியாதா? 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியிலும் இருந்தது. வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் வரும் அன்று காலையில் தொட்டில் வரும், பொம்மை வரும், சுவரில் யானை வரும். பொம்மையின் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்க மாட்டார்கள். அடுத்த ஆடிட்டுக்கு வேண்டுமல்லவா? நம் ரிசர்வ் சைட்டும் அதே தரத்தில் இருப்பதைக் கண்டு பெருமைப்படுகிறேன். ஊஞ்சல் இருக்கிறது, சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறது. புல் இருக்கிறது, மிதிக்கக் கூடாது. கேட் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. ஆடிட் பாஸ்.

போன வாரம் வாட்ச்மேன் விரட்டியபோது பிள்ளைகள் என்ன குற்றம் செய்துகொண்டிருந்தார்கள் என்று ஆடிட் அறிக்கையில் இல்லை, சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு கல் ஆடினார்கள். கல்லுக்குப் பதில் நூல் தீர்ந்த காகிதக் கோன். கோன் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும் என்பதால், நடுவில் பேக்கிங் அட்டை ஒரு துண்டு வைக்க வேண்டும் என்பது அவர்களே போட்ட விதி. பந்து, கட்டிங் வேஸ்ட்டை உருட்டி நூல் சுற்றியது, பட்டாலும் வலிக்காது. பம்பரத்துக்குச் சாட்டை, டிராக் பேன்ட் இடுப்பில் கோக்கும் நாடா. ஒரு ரூபாய் செலவில்லை. பின் லைனில் குடியிருக்கும் பீகார்க்காரப் பையனுக்குத் தமிழ் வராது, என் மகளுக்கு இந்தி வராது. கில்லி எங்கே விழுந்தது, கட்டையால் அளந்தால் எத்தனை என்பதில் இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். அவனுடைய தம்பி, நடக்கத் தொடங்கிச் சில மாதம் ஆனவன், ஒப்புக்குச் சப்பாணியாக எல்லா ஆட்டத்திலும் இருந்தான். அவனுக்கு அவுட்டே கிடையாது.

தாங்கள் அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டீர்கள். 'வெளியாட்கள் நடமாட்டம். பெற்றோர் அடையாளம் காணவும்.' அடையாளம் கண்டேன் ஐயா. நான்தான். அந்தப் பையனின் அம்மாவும் கண்டிருப்பார், குழுவில் அவரைச் சேர்த்திருந்தால். வீட்டு ஓனரைத்தான் சேர்ப்பீர்கள்.

காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வருகிறவர் அந்த அம்மா. ஒன்றரை ஷிப்ட். நடுவில் அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? பத்துக்குப் பத்து லைன் வீட்டில், தகர ஷீட்டுக்குக் கீழே, ஒரு போனை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டா? அப்போது குழுவில் 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனே கதியாகக் கிடக்கிறார்கள்' என்று குட் மார்னிங் செய்தி அனுப்புவதும் தாங்கள்தானே? வெளியே வந்தால் வெளியாள், உள்ளே இருந்தால் போன் அடிமை. என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

மன்னிக்கவும். ஆடிட் நேரத்தில் தொழிலாளி குரலை உயர்த்தக் கூடாது. சிரித்த முகமாகத் தொடர்கிறேன்.

இந்த இடத்தின் பூர்வோத்தரம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஃபைலில் இருக்கட்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 சொல்வது: 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது நிலம் ஊருக்கு. பூட்டு மட்டும் தங்களுக்கு. முன்பு பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991-ல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. மருத்துவமனைக்கே இல்லை என்ற இடம். இங்கே தென்மேற்கு மூலையில், கவர் போட்ட ஒரு வெள்ளைக் கார் சுகமாக நிற்கிறது. அதுவும் யாரோ முன்னோருடையதாக இருக்கலாம். நான் தொடவில்லை.

விழாவில் சிறப்பு விருந்தினர் பேசியதையும் கேட்டேன். 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ கோ உலகக் கோப்பையில் ஆண்கள், பெண்கள் இரண்டையும் இந்தியாவே வென்றது என்றார். கபடி 1990-ல் பெய்ஜிங் ஆசியப் போட்டிக்குப் போனது என்றார். கைதட்டினோம். அந்தக் கோப்பைகளை வென்றவர்கள் சின்ன வயதில் ஓடியபோது யாருடைய புல்லை மிதித்தார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஐ.நா. சபை ஜூன் 11-ஐ சர்வதேச விளையாட்டு நாளாக 2024-ல் அறிவித்திருக்கிறது. வரும் ஜூனில் அதையும் சிறப்பாகக் கொண்டாடிவிடலாம். ஷாமியானாக்காரருக்கு இப்போதே அட்வான்ஸ் கொடுத்தால் குறைவாக முடியும். பிள்ளைகளை முந்தைய நாளே அப்புறப்படுத்திவிட்டால் போட்டோவும் நன்றாக விழும்.

இன்னொன்று. தாங்களும் என் வயதுதான்; மறந்திருக்க மாட்டீர்கள். 90-களில் இந்த ஊர் பனியன் கம்பெனிகளில் பிள்ளைகள்தான் டேபிளுக்குப் பக்கத்தில் நின்று கை மடித்துக்கொடுத்தார்கள். நானும் நின்றேன். அப்போது எங்களுக்குப் பம்பரமும் இல்லை, கோலியும் இல்லை. சனிக்கிழமைச் சம்பளம்தான் இருந்தது. சட்டம் போட்டு, ரெய்டு நடத்தி, வெளிநாட்டுப் பத்திரிகையில் பேர் கெட்டு, ஆர்டர் போகும் என்று பயந்து, எப்படியோ பிள்ளைகளை மெஷின் பக்கத்திலிருந்து வெளியே கொண்டுவந்தோம். வெளியே என்றால் எங்கே? அந்த வெளியைத்தானே பூட்டி வைத்திருக்கிறீர்கள்?

இதைக் கோபமாக எழுதவில்லை ஐயா. சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன், ஆடிட்டர் கேட்டால் அப்படியே சொல்வேன்.

ஆகவே, சமூகம் அவர்கள் தயவுகூர்ந்து:

சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை கேட்டைத் திறந்துவைக்க வேண்டுகிறேன். ஊஞ்சல் சங்கிலியை அவிழ்க்க வேண்டுகிறேன். புல்லை மிதிக்க அனுமதி வேண்டுகிறேன். புல் மறுபடி முளைக்கும். பீகார்க்காரப் பையனின் அம்மாவைக் குழுவில் சேர்க்க வேண்டுகிறேன். இந்தியில் வாய்ஸ் மெசேஜ் போடுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். பம்பரத்தை உரியவரிடம் தர வேண்டுகிறேன். வார்னிஷுக்கு ஆன செலவைச் சந்தாவில் பிடித்துக்கொள்ளலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து வாங்கிய லேஅவுட் வரைபட நகல் ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். இன்னொரு நகல் மனுவோடு அதிகாரிகளுக்குப் போகிறது. இந்த முறை ஆடிட் தேதி முன்கூட்டிச் சொல்லப்பட மாட்டாது. பிழை இருக்கும் இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் தொழில் பழக்கம். வரைபடத்தில் சிவப்பாக இரண்டு ஒட்டியிருக்கிறேன். ஒன்று பூட்டில், இன்னொன்று காரில். பழுது பார்த்து அனுப்பினால் பாஸ் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சங்கத்தில் சந்தா பாக்கி இல்லாத,
ஒரு முன்னோரின் அப்பா