இழுபறி: சொற்றொடரில் அமைத்து எழுதுக

தமிழ்த் தேர்வுத் தாளில் காலங்காலமாக வரும் கேள்வி, 'சொற்றொடரில் அமைத்து எழுதுக'. பொருள் தெரியாத சொல் வந்துவிட்டால் மாணவர்கள் கைவசம் ஒரு தற்காப்புக் கலை உண்டு: "ஆசிரியர் 'இழுபறி' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினார்." எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. கேட்ட சொல்லுக்கு மட்டும் வாக்கியத்தில் வேலை இல்லை. பெரியவர்களும் இந்தக் கலையைப் பள்ளியோடு விட்டுவிடவில்லை. மேடையிலும் செய்தியிலும் 'இழுபறி' பல நேரம் வேலை இல்லாமல்தான் நிற்கிறது. இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

முதலில் இலக்கணம். 'இழுபறி'யை வினைத்தொகையாகக் கொள்வோர் அதை 'இழுத்த பறி, இழுக்கின்ற பறி, இழுக்கும் பறி' என்று மூன்று காலத்துக்கும் விரிக்க வேண்டியிருக்கும். பறி என்பது மீன் பிடிக்கும் கூடைக்கும் பெயர். அந்தக் கணக்கில், செய்திகளில் இழுபறியாகும் தொகுதிப் பங்கீடு முழுவதும் மீன்வளத் துறையின் கீழ் வந்துவிடும். எனவே, இழுத்தலும் பறித்தலும் என்று உம்மைத்தொகையாகக் கொள்வதே நாட்டுக்கு நல்லது. இரண்டுமே செயப்படுபொருள் கேட்கும் வினைகள். எதை இழுக்கிறார்கள், எதைப் பறிக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை இல்லாத இடத்தில் இழுபறியும் இல்லை.

இதிலிருந்து மூன்று விதிகள் பெறப்படும். ஒன்று, தரப்பு இரண்டாவது வேண்டும். இரண்டு, இருவரும் கைவைத்த ஒரு பொருள் நடுவே வேண்டும். மூன்று, முடிவு இன்னும் வந்திருக்கக் கூடாது.

உருபுகளிலும் ஒழுங்கு உண்டு. தரப்புகளுக்கு 'இடையே', பொருளுக்கு 'இல்': "கூட்டணியின் இரு கட்சிகளுக்கு இடையே மேயர் பதவியில் இழுபறி." இந்தச் சொல் ஏற்கும் வினைகள் சிலவே. இழுபறி நிலவும், நீடிக்கும், முற்றும், நீங்கும். வெல்லாது, தோற்காது, பிரசாரத்துக்கும் போகாது.

இப்போது பரிசோதனை. "தொடர் மழையால் சாலைப் பணியில் இழுபறி" என்ற வாக்கியம் முதல் விதியிலேயே விழுந்துவிடுகிறது. அந்தச் சாலை தனக்கு வேண்டும் என்று மழை கேட்கவில்லை. பெய்தது, போயிற்று. அங்கே எழுத வேண்டியது 'தொய்வு'. "தேர்த் திருவிழாவில் பக்தர்கள் இழுபறி" என்பது இன்னும் மோசம். திருவாரூர் ஆழித்தேரின் வடத்தை ஆயிரக்கணக்கானோர் பிடிக்கிறார்கள். பிடித்தவர் எல்லாரும் ஒரே திசையில் இழுக்கிறார்கள். அங்கே இழுப்பு உண்டு, பறிப்பு இல்லை. சக்கரத்தின் கீழே கட்டை போட்டுத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் செய்கிறார்களே, அதன் பெயர் முட்டுக்கட்டை. அரசியல் செய்தியில் இழுபறியும் முட்டுக்கட்டையும் ஒரே பத்தியில் இடம் மாறி உட்கார்ந்திருப்பதைக் காணலாம். முட்டுக்கட்டை போடுபவருக்குத் தேர் தன் வீட்டுக்கு வர வேண்டும் என்ற ஆசை கிடையாது. நின்றால் போதும்.

வடத்தைத் தொட்டுக் கும்பிட முண்டியடிக்கும் கூட்டத்தில் நடப்பது தள்ளுமுள்ளு. இழுபறியில் பொருள் தன் பக்கம் வருகிறது. தள்ளுமுள்ளில் ஆள் அப்பால் போகிறார். விசையின் திசையே வேறு.

விசை என்ற பேச்சு வந்த பிறகு இயற்பியலைக் கேட்காமல் இருப்பது முறையல்ல. கயிற்றின் நடுவே ஒரு சுருள்வில் தராசைக் கட்டி, இரு பக்கமும் தலா 500 நியூட்டன் விசையோடு இழுத்தால் தராசு எவ்வளவு காட்டும்? ஆயிரம் என்பவர்களே அதிகம். காட்டுவது 500தான். ஒரு முனையைச் சுவரில் கட்டிவிட்டு மறுமுனையை மட்டும் 500 நியூட்டனில் இழுத்தாலும் அதே 500. இழுப்பவருக்கு ஈடாகச் சுவரும் எதிர்த்திசையில் இழுத்துக்கொள்கிறது.

ஜெர்மனியின் மாக்டபர்க் நகர மேயராக இருந்த ஓட்டோ ஃபான் கேரிக்கே 1650களில் செய்துகாட்டிய புகழ்பெற்ற சோதனையை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, பக்கத்துக்கு எட்டுக் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். காற்றழுத்தத்தின் பிடியில் குதிரைகள் திணறின. ஒரு பக்கத்து எட்டை அவிழ்த்துவிட்டு, அந்த முனையை ஒரு பெரிய மரத்தில் கட்டியிருந்தாலும் கோளத்தின் மீது விழும் இழுப்பு குறைந்திருக்காது. எட்டுக் குதிரைக்குக் கொள்ளு மிச்சம்.

இயற்பியலும் தமிழும் பிரியும் இடம் இதுதான். சுவரை ஒரு தரப்பாக இயற்பியல் ஏற்றுக்கொள்ளும், தமிழ் ஏற்காது. பட்டா மாறுதலுக்கு மனுப் போட்டவர் மாதக்கணக்கில் அலைகிறார். எதிரே அலுவலகம் அசையாமல் இருக்கிறது. "பட்டா வழங்குவதில் இழுபறி" என்று எழுதினால், அலுவலகமும் அந்த மூன்று சென்ட் நிலத்துக்கு ஆசைப்பட்டது போல ஆகிவிடும். இதற்கென்றே தமிழில் 'இழுத்தடிப்பு' என்று தனிச்சொல் இருக்கிறது. இழுத்தடிப்பில் ஒருவர் இழுக்க, மற்றவர் அலைவார், நாள் போகும். இழுபறியில் இருவருக்கும் வியர்க்கும். எந்தச் சொல்லை எழுதுவது என்று திகைக்கும் செய்தியாளர், யாருக்கெல்லாம் வியர்த்தது என்று பார்த்தாலே போதும்.

அப்படி இரு பக்கமும் வியர்க்கும் கயிறு இழுக்கும் போட்டி 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் இடம்பெற்றிருந்தது. 1908இல் லண்டனில் லிவர்பூல் போலீஸ் அணி அமெரிக்கர்களைச் சுலபமாக இழுத்துவிட்டது. போலீஸ்காரர்கள் அணிந்திருந்த கனமான பூட்ஸ் விதிக்கு மாறானது என்று அமெரிக்கர்கள் முறையிட்டார்கள். அது அவர்கள் அன்றாடம் பணிக்குப் போட்டுவரும் பூட்ஸ்தான் என்று பதில் வந்தது. முறையீடு எடுபடாமல் அமெரிக்கர்கள் விலகிக்கொண்டார்கள். லேசான கயிற்றில் இரு முனையிலும் இழுவிசை ஏறக்குறைய சமம். வெற்றியைத் தீர்மானிப்பது காலடியின் பிடிமானம். தொகுதிப் பங்கீட்டுச் செய்தியிலும் யார் எத்தனை கேட்டார் என்பதைவிட, யார் காலடியில் எவ்வளவு வாக்கு இருக்கிறது என்பதே வாசகருக்குத் தேவை.

இனி மூன்றாம் விதி. "ஆட்டம் இழுபறியில் முடிந்தது" என்று விளையாட்டுப் பக்கத்தில் எழுதுவோர் 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியா 574, 170. இந்தியா 397, 347. இரு கூட்டலும் 744. கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்து எண்ணிக்கையைச் சமன் செய்தார். அடுத்து ஐந்தாவது பந்தில் மனிந்தர் சிங் எல்பிடபிள்யூ. அந்தப் பந்துக்கு முன்பு வரை இழுபறி. நடுவர் விரலை உயர்த்திய பிறகு அது 'டை'. ஐந்து நாள் ஆடியும் முடிவு வராமல் போனால் 'டிரா'. மூன்றும் வெவ்வேறு. இழுபறி என்பது ஆட்டம் நடக்கும்போது இருக்கும் நிலை. ஸ்கோர் அட்டையில் முடிவுக்கான கட்டத்தில் அதை எழுத முடியாது.

மூன்று விதிகளையும் ஒருசேர நிறைவேற்றிய நாடு பெல்ஜியம். 2010 ஜூன் 13 அன்று அங்கே தேர்தல் நடந்தது. டச்சு பேசும் கட்சிகளும் பிரெஞ்சு பேசும் கட்சிகளும் இரு தரப்பு. மத்திய அரசின் அதிகாரத்தில் எவ்வளவு மாநிலங்களுக்கு, பிரஸ்ஸல்ஸையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்திருந்த தேர்தல் தொகுதியைப் பிரிப்பதா என்பவை நடுவே இருந்த பொருள். எலியோ டி ரூபோ தலைமையில் புது அரசு பதவியேற்றது 2011 டிசம்பர் 6 அன்று. இடையில் 541 நாள். "இழுபறி நீடிக்கிறது" என்ற தலைப்பை ஓர் எழுத்தும் மாற்றாமல் அன்றாடம் அச்சிட்டிருக்கலாம். ஒரு நாள்கூடப் பிழையாகியிருக்காது.

விதிகளுக்கு எளிதில் அடங்காத நிகழ்வு ஒன்று மட்டும் மிஞ்சுகிறது: ஓட்டல் கல்லாவில் நண்பர்கள் இருவர் "நான் கொடுக்கிறேன்", "சும்மா இருப்பா, நான்தான்" என்று பில்லைப் பிடித்து இழுப்பது. தரப்பு இரண்டு, பொருள் ஒன்று, முடிவு வரவில்லை. ஆனால் இருவரும் பறிக்க முயல்வது வரவை அல்ல, செலவை. பில் கிழியும் அளவுக்குப் போனால் இழுபறி என்றே இவ்வாய்வு ஏற்கிறது. இருவர் கையும் சட்டைப்பைக்குள் போய், அங்கேயே தங்கிவிட்டால் அது நடிப்பு. அதற்குத் துறை வேறு.