கோலே விழாவிட்டால்?

கேள்வி: தொண்ணூறு நிமிடம் ஓடியும் இரண்டு பக்கமும் ஒரு கோல்கூட விழவில்லை என்றால், அந்த ஆட்டத்துக்கு என்னதான் மதிப்பு?
- கால்பந்து ரசிகர், நீடாமங்கலம்

பதில்: லீக் ஆட்டம் என்றால், உங்கள் ஊர் மூணாறு தலைப்பில் தண்ணீர் பிரிவதைப் போலப் பங்கீடுதான். ஜெயித்தால் மூன்று புள்ளி, டிரா என்றால் ஆளுக்கு ஒன்று. அந்த ஒன்றை இளப்பமாக நினைத்துவிடாதீர்கள்! 2019 செப்டம்பரில் ஆசியச் சாம்பியன் கத்தாரை தோஹாவிலேயே சந்தித்தது இந்தியா. உடம்பு சரியில்லாததால் வழக்கமான கேப்டன் சுனில் சேத்ரி ஆடவில்லை. கேப்டனாகக் கோல் கம்பத்தைக் காத்தவர் குர்பிரீத் சிங் சந்து. கத்தார் ஆட்டக்காரர்கள் அலை அலையாக வந்தார்கள். பாய்ந்தும் விழுந்தும் தடுத்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் 0-0. எனக்கு அது வெற்றிதான்.

நாக்-அவுட்டில் பங்குக்கு இடமில்லை. 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் 120 நிமிடமும் கோல் விழாததால் நாணயம் சுண்டி, சோவியத் யூனியனை வெளியே அனுப்பி இத்தாலியை இறுதிக்கு ஏற்றினார்கள். எவ்வளவு பெரிய அநியாயம்! 1970-ல் பெனால்டி ஷூட்-அவுட் விதிக்குள் வந்தது. அதிலாவது காலுக்கும் கைக்கும் வேலை உண்டு. 2023 தெற்காசியக் கோப்பை அரையிறுதி, பெங்களூரு கண்டீரவா மைதானம்: கூடுதல் நேரம் முடிந்தும் லெபனானுடன் 0-0. லெபனானின் முதல் உதையையே குர்பிரீத் தடுத்தார். 4-2 என்று ஜெயித்தோம்.

அடுத்த முறை கோல் விழவில்லை என்று டிவியை அணைத்துவிடாதீர்கள். கோல் கீப்பரைப் பாருங்கள்.