வாரக்கடைசிக் கலாரசிகர்

வெள்ளிக்கிழமை இரவு மாட்ரிட்டில் வந்து இறங்குவார். ஞாயிறு மாலை விமானம் ஏறிவிடுவார். எந்த நாட்டுக்காரர் என்று கேட்காதீர்கள். ஐரோப்பாவில் மலிவு விமானம் புறப்படுகிற ஊரிலெல்லாம் இவர் உண்டு. முதுகில் ஒரு பை, காலில் புது ஷூ, கையில் போன். ரெய்னா சோபியா, பிராடோ, தீஸன்-போர்னமிசா ஆகிய மூன்று அருங்காட்சியகங்களும் நடக்கும் தூரத்தில் இருப்பது தற்செயல் என்று அவர் நம்பவில்லை. தமக்காகவே யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை முதல் வேலை ரெய்னா சோபியாவில் பிக்காசோவின் 'குவெர்னிகா'. அந்த ஓவியத்தைப் படமெடுக்க நெடுங்காலம் தடை இருந்தது, 2023-இல்தான் நீக்கினார்கள். அந்தச் சலுகையை வீணாக்கலாமா? ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அது ஏழே முக்கால் மீட்டர் அகலம். கையை எப்படி நீட்டினாலும் குதிரை விழுந்தால் காளை விழாது. காளை விழுந்தால் இவர் முகம் காதோடு நின்றுவிடும். பின்னால் போய்ப் போய், அதே காரியமாகப் பின்னால் வந்துகொண்டிருக்கும் இன்னொரு கலாரசிகரின் முதுகில் முட்டிக்கொள்வார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: சிரிப்பதா, வேண்டாமா? 1937 ஏப்ரலில் விமானங்கள் குண்டு போட்டு அழித்த ஊரின் பெயர்தான் குவெர்னிகா. செத்த குழந்தையை ஏந்திக் கதறும் தாய் சரியாக அவர் தோளுக்கு மேலே இருக்கிறாள். பல்லைக் காட்டி ஒன்று, உதட்டை மூடி ஒன்று, கண்ணைத் தாழ்த்தி ஒன்று என்று எடுத்துக்கொள்வார். ஹோட்டலுக்குப் போய் மூன்றையும் நிதானமாகப் பார்த்து, தொப்பை தெரியாததை வைத்துக்கொள்வார்.

பிராடோவுக்குச் சாயங்காலம்தான் போவார். திங்கள் முதல் சனி வரை ஆறிலிருந்து எட்டு மணி வரை அங்கே இலவசம். அது தெரிந்தபிறகு காசு கொடுத்து நுழைய மனம் வருமா? ஐந்து மணிக்கே வரிசையில் நின்றுவிடுவார். அன்றிரவு ஃபிளமெங்கோ நடனம் பார்க்க அந்தக் கட்டணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு கொடுத்திருப்பவரும் இவரேதான். அது அனுபவம், இது அநியாயச் செலவு.

உள்ளே போனதும் இடி விழும். பிராடோவில் படமெடுக்கக் கூடாது. போனைப் பைக்குள் போட்டபிறகு இரண்டு கைகள் மிச்சமாகிவிடும். அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொள்வார். அந்த ஒன்றே அவருக்குப் பழுத்த விமர்சகரின் தோரணையைக் கொடுத்துவிடும். இப்படித்தான் வெலாஸ்க்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' முன்னால் போய் நிற்பார். 1656-இல் தீட்டியது. படத்துக்குள்ளேயே ஓவியர் தூரிகையும் கையுமாக நம்மைப் பார்க்கிறார். பின்சுவர்க் கண்ணாடியில் ராஜாவும் ராணியும் தெரிகிறார்கள். ஆகவே நாம் நிற்கும் இடத்தில்தான் அரச தம்பதி நின்றிருக்க வேண்டும் என்று பலர் விளக்கியிருக்கிறார்கள். அதாவது நான்காம் பிலிப் நின்ற இடத்தில் நம்மவர் நிற்கிறார். அவர் கண்ணோ வலது மூலையில் படுத்திருக்கும் நாய்மேல். ஒரு பொடியன் அதன் முதுகில் காலை வைத்து எழுப்பப் பார்க்கிறான், அது அசைவதாயில்லை. காலையிலிருந்து நடந்த கால்களுக்கு இந்த மாளிகையில் அந்த நாய் ஒன்றுதான் நியாயமாக நடந்துகொள்வதாகப் படும்.

வெளியேறும் வழியைத் தேடிப்போய், கோயாவின் 'கறுப்பு ஓவியங்கள்' இருக்கும் அறைக்குள் நுழைந்துவிடுவார். காது கேளாமல் போன முதியவர் தம் வீட்டுச் சுவரிலேயே வரைந்துவைத்த பயங்கரங்கள் அவை. பிற்பாடு பெயர்த்துத் துணிக்கு மாற்றினார்கள். பெற்ற பிள்ளையைத் தின்னும் சாட்டர்னைப் பார்த்து அரண்டு திரும்பினால் மறுபடியும் ஒரு நாய். தலை மட்டும் தெரிகிறது. மேலே ஒன்றுமில்லாத மஞ்சள் வெளி. இவருடைய பட்டியலில் அது இல்லை. போனும் பைக்குள் கிடக்கிறது. வேறு வழியில்லாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இரவு விருந்துக்கு ஸ்பெயின்காரர்கள் ஒன்பது, பத்து மணிக்குமேல்தான் உட்காருவார்கள். இவருக்கோ ஏழு மணிக்கே பசிக்கும். அந்த அவலத்தை விவரிக்க எனக்கு மனமில்லை.

ஃபிளமெங்கோ ஆடும் அரங்கத்துக்குத் தப்லாவ் என்று பெயர். சிறிய மரமேடை, நாலைந்து நாற்காலி. சிவப்புப் பாவாடை, காதோரம் ரோஜா, கையில் காஸ்டனெட் கட்டை என்று கற்பனை செய்துகொண்டு நம்மவர் போயிருப்பார். மேடையில் ஒரு பருத்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, கடைவாய்ப் பல் பிடுங்கப்படுகிறவரைப் போல ஓலமிட்டுப் பாடுவார். ஆடவரும் அம்மாளுக்கு ஐம்பதுக்குமேல் இருக்கும், கறுப்புடை, கட்டையும் இல்லை. குதிகாலில் ஆணி அறைந்த செருப்பு மட்டும் மரத்தோடு பேசும். சோலேயா என்ற அந்த வகைக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. மூன்று, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டில் அழுத்தம் விழும். கண்டசாபு, மிச்ரசாபு கேட்டு வளர்ந்த காதுக்கே கொஞ்சம் வேர்க்கும். நம்மவர் தைரியமாக ஒன்று-இரண்டு-மூன்று-நாலு என்று கைதட்டுவார். தாளம் தட்டுவதற்கென்றே மேடையில் ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் இவரை ஒரு பார்வை பார்ப்பார். இவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு "ஒலே!" என்று கூவுவார். கிட்டார்க்காரர் அப்போது சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்.

கடைசி உருப்படியில் மட்டும் படமெடுக்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். நேரம் வந்ததும் சபையில் அத்தனை கைகளும் உயரும். ஓலமிட்ட பருத்த மனிதரே எழுந்து, தொந்தியைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டு இரண்டே அடி போடுவார். அன்றைய இரவிலேயே உயர்ந்த இரண்டு அடி அதுதான் என்பேன். நம்மவர் அப்போது திரையில் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தீஸனை வாசலோடு முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்.

திங்களன்று அலுவலகத்தில் அந்த வீடியோவைக் காட்டுவார். முழுக்க முழுக்கப் பிறர் கைகள், அவற்றில் போன்கள். ஒரு போனின் திரையில் மட்டும் கறுப்புடையில் குட்டியாக யாரோ சுழல்கிறார்கள்.

"இதுதான் நீங்க பார்த்த டான்ஸா?"

"ஆமா. எனக்கு முன்னாடி இருந்த ஆளோட போன் அது. என்ன மாடல்னு கேட்காம விட்டுட்டேன், பாருங்க!"