கழுத்துச் சுளுக்கின் அசை இலக்கணம்

இவ்வாய்வின் தோற்றுவாய், ஓசூரிலிருந்து தர்மபுரி வந்த இரவுப் பேருந்தின் ஜன்னலோர இருக்கை. விடிந்தபோது கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. வீட்டில் 'சுளுக்கு' என்று முடித்துவிட்டார்கள். மருத்துவரோ, தலையை இடப்பக்கம் திருப்புவது வலப்பக்கத் தசை என்று விளக்கி, அதற்கு 'ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு' என்று பெயரும் சொன்னார். வலி இரட்டித்தது.

முதலில் பகுபதம். கிரேக்கத்தில் 'ஸ்டெர்னோன்' மார்பு, 'கிளெய்ஸ்' சாவி, 'மாஸ்டோஸ்' முலை, 'ஆய்டு' என்றால் போன்றது. மார்பெலும்பிலும் காறையெலும்பிலும் கிளம்பும் தசை, காதுக்குப் பின்னுள்ள எலும்பு மேட்டில் போய் ஒட்டுகிறது. அந்த மேட்டில் முலையைக் கண்டவர் யாரோ, அவர் கண்ணைச் சோதித்திருக்க வேண்டும். நாம் கழுத்தணியான காறையை எலும்புக்குச் சூட்டினோம். அவர்கள் சாவியைச் செருகினார்கள். இப்படி ஒட்டிய பெயரின் பாரம் புரிய வேண்டுமானால், 1965-ல் சேலத்திலிருந்து தர்மபுரியும், 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரியும் பிரியாமலிருந்து, மூன்று பெயரையும் சேர்த்தே விலாசம் எழுத வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்து அழுத்தம். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு ஆறு அசை. தலையாய அழுத்தம் ஐந்தாவதான 'மாஸ்' மீது. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது என்பதால் நாம் எல்லா அசையையும் சமமாகவே நடத்துவோம். ஆயினும் முதல் காட்சிக்கு விசிலடித்துப் பழகிய எவரும் 'மாஸ்' வந்ததும் குரலை உயர்த்திவிடுவார். உச்சரிப்பு தானே சரியாகிவிடும்.

இனி யாப்பு. தமிழ் வாயில் ஈற்று உகரம் சேர்ந்து அசை ஏழாகிறது: நேர் நேர், நிரை நேர், நேர் நேர் நேர். அதாவது தேமா, புளிமா, தேமாங்காய்! சொல்லின் முன்னே 'இ' போட்டு 'இஸ்டெர்னோ' என்போரும் உண்டு. மாங்காய்க் கணக்கு குலைவதால் அவர்களை விலக்கினோம்.

மாங்காய் என்றாலே கிருஷ்ணகிரி, அது நம் மாவட்டத்தை விட்டுப் போய் இருபது ஆண்டாயிற்றே என்று ஒருசாரார் ஆட்சேபிக்கலாம். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி மறுக்க எனக்கு ஆசைதான். இன்னும் இரண்டு நாள் போகட்டும்.